யார் கையளவு?

1968 பிப்ரவரி 28 அன்று எங்கள் ஊர் இரும்பைக்குக் கிழக்கே, மழை அரித்துப் பள்ளமும் மேடுமாகக் கிடந்த செம்மண் காட்டில், 124 நாடுகளிலிருந்து கொண்டுவந்த மண்ணைப் பளிங்குத் தாழி ஒன்றில் இட்டு ஆரோவில் நகரத்தைத் தொடங்கிவைத்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 9 அன்று அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோ நகரில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்ற பொறியாளர் ஏறக்குறைய ஆயிரம் பேர் முன்னிலையில் தொண்ணூறு நிமிடம் ஒரு கணினியை இயக்கிக் காட்டினார். அவருடைய வலது கைக்கு அடியில் மூன்று பொத்தான் வைத்த சிறு பெட்டி ஒன்று இருந்தது. மவுஸ் மேடையேறிய நாள் அதுதான். (அதற்குச் சில வாரங்கள் முன்பே ஜெர்மனியில் டெலிஃபுங்கன் நிறுவனம் உருளும் பந்து வைத்த ஒரு கருவியை அறிவித்துவிட்டது. ஆனால் வரலாறு மேடையில் ஏறியவரைத்தான் நினைவில் வைத்துக்கொள்கிறது.)

எதிர்காலம் என்ற சொல்லை நடுவில் வைத்து நடந்த விழாக்கள் இரண்டும். இரண்டிலும் எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு வேலை இருந்தது. முதலாவதில் வீடு பெருக்க, கன்றுகளுக்குத் தண்ணீர் சுமக்க, பிற்பாடு ஊதுபத்திக் கூடத்திலும் தையல் கூடத்திலும் உட்கார. இரண்டாவதில் என்ன வேலை என்பது எனக்குத் தெரியவர முப்பது ஆண்டுகள் ஆயின.

எங்கல்பார்ட் அன்று திரையில் எழுதிக் காட்டிய முதல் உருப்படியான பனுவல் எது தெரியுமா? கடைக்குப் போய் வாங்க வேண்டியவற்றின் பட்டியல். வாழைப்பழம், கேரட், சூப், ஆஸ்பிரின். அந்தப் பட்டியலைத்தான் மவுஸால் பிடித்து மேலும் கீழும் நகர்த்தி, காய்கறி தனியாக, மருந்து தனியாக அடுக்கிக் காட்டினார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அதே அடுக்கலைத் தினமும் தலைக்குள்ளேயே செய்கிற பெண்களுக்கு யாரும் கைதட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

நான் ஒளியச்சு வேலை செய்கிறவள். டிடிபி என்றால் எல்லாருக்கும் புரியும். தமிழ்ப் புத்தகங்களின் இரண்டாம் பக்கத்தில், முதற்பதிப்பு, விலை, அச்சகம் என்ற வரிகளுக்கு நடுவே ‘ஒளியச்சு’ என்று ஒரு வரி இருக்கும். அங்கே பெரும்பாலும் ஒரு பெண்ணின் பெயரோ, அவர் வேலை செய்த நிலையத்தின் பெயரோ இருக்கும். பாதிப் புத்தகங்களில் அந்த வரியே இருக்காது. 1998-இல் தட்டச்சில் தமிழ் ஹையர் முடித்த கையோடு திண்டிவனத்தில் ஒரு டிடிபி நிலையத்தில் சேர்ந்தேன். தட்டச்சுப் பயிற்சி என்பது எங்கள் தலைமுறைப் பெண்கள் வீட்டைவிட்டு வெளியே போய் வரக் கிடைத்த சில நியாயமான காரணங்களில் ஒன்று. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலேயாவுக்குப் போன ஆர். முத்தையா தமிழுக்காக வடிவமைத்த விசைப்பலகையின் வழிவந்தவர்கள் நாங்கள். புள்ளிக்கும் சுழிக்கும் இடம் விட்டு நகராமல் நிற்கும் விசை என்ற அவருடைய யோசனை எங்கள் விரல் நுனியில் இருந்தது. விசைப்பலகையைப் பார்க்காமல் அடிப்போம். ஆனால் கணினி முன்னால் உட்கார்ந்த முதல் நாள் கை தடுமாறியது விசைப்பலகையில் இல்லை, அதற்கு வலப்பக்கம் இருந்த சோப்புக்கட்டியில்.

‘மவுசு’ என்ற சொல் தமிழில் ஏற்கெனவே இருக்கிறது. மதிப்பு, கிராக்கி. அந்தப் பொண்ணுக்கு இப்போ மவுசு கூடிப்போச்சு என்பார்கள். சுட்டி, சுட்டெலி, சொடுக்கி என்று பல சொற்கள் ஆக்கினார்கள். புத்தகத்தில் சுட்டி என்று அடித்துக்கொண்டே வாயால் மவுஸ் என்று சொல்வதுதான் எங்கள் வழக்கம். இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

இந்தப் பொருளின் பிறப்பைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். 1964 வாக்கில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் எங்கல்பார்ட் தந்த வரைபடத்தை வைத்து பில் இங்கிலீஷ் என்ற பொறியாளர் மரக்கட்டையைக் குடைந்து முதல் மவுஸைச் செய்தார். அடியில் ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு சக்கரம், மேலே ஒரு பொத்தான். கம்பி முதலில் மணிக்கட்டுப் பக்கமாக வெளியே வந்தது. கையில் சிக்கியதால் முன்பக்கத்துக்கு மாற்றினார்கள். ஆக, ‘கம்பி இடைஞ்சல்’ என்ற புகார் மவுஸின் வயதே உடையது.

எது சிறந்தது என்று அறிய அவர்கள் நடத்திய சோதனையில் மவுஸோடு ஒளிப்பேனா, ஜாய்ஸ்டிக் எல்லாம் போட்டியிட்டன. முழங்காலால் இயக்கும் ஒரு கருவியும் இருந்தது. மேசைக்கு அடியில் முழங்காலை அசைத்தால் திரையில் குறி நகரும், இரண்டு கையும் விசைப்பலகையிலேயே இருக்கும். கணினி பழகாதவர்களுக்கு அது நன்றாகவே கைகொடுத்தது என்று 1967-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையிலிருந்து தெரிகிறது. இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை. ஆயத்த ஆடை ஆலையில் தையல் இயந்திரத்தின் அழுத்துகாலை முழங்காலால் தூக்கிக்கொண்டே இரண்டு கையாலும் துணியைத் திருப்புகிற பெண்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். வீட்டில் மெஷின் மிதித்தவர்களுக்குக் காலும் ஒரு கைதான். கால், முழங்கால், இடது கை எல்லாம் வேலை செய்யும் உடல் ஒன்றை அந்த ஆய்வகம் சோதித்துப் பார்த்தது. கடைசியில் வென்றது மேசை நாற்காலியில் உட்கார்ந்து வலது கையை மட்டும் நீட்டுகிற உடல். 1970-இல் காப்புரிமையும் அதற்கே கிடைத்தது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமாக இருக்காது. மவுஸின் வரலாற்றில் பெண்களைக் கவனித்துப் பார்த்த ஒரு கட்டமும் உண்டு. 1970களின் நடுவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் ஒரு பாடநூல் பதிப்பகத்துக்காகப் பனுவல் திருத்தும் மென்பொருள் ஒன்றை எழுதினார்கள். ஜின் அண்ட் கம்பெனி என்பது அந்தப் பதிப்பகம். அங்கே வாழ்நாளெல்லாம் பதிப்புத் துறையில் கழித்து, ஐம்பதைத் தாண்டியும் ராயல் தட்டச்சுப் பொறியை விடாத ஒரு பெண்மணியைத்தான் தங்கள் பயனராக அவர்கள் மனத்தில் வைத்துக்கொண்டார்கள். பதிப்பாசிரியர்கள் கத்தரிக்கோலும் பசையும் கொண்டு செய்த வேலையைப் பார்த்துத்தான் வெட்டு, ஒட்டு என்ற இரண்டு கட்டளையும் திரைக்கு வந்தன. நாம் நாள்தோறும் ஆயிரம் தடவை செய்யும் ‘கட் பேஸ்ட்’ அப்படிப்பட்ட ஒரு மேசையிலிருந்து வந்தது. 1978-இல் அதே மையத்திலிருந்து, மவுஸ் மற்றக் கருவிகளைவிட வேகமானது என்று அளந்து நிறுவிய கட்டுரை வெளியானது. எழுதிய மூவரில் ஒருவர் பெட்டி பர் என்ற பெண். ஸ்டூவர்ட் கார்டு பெயரும் பில் இங்கிலீஷ் பெயரும் திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டப்படுகின்றன. பெட்டி பர் யார் என்று தேடினால் அந்தக் கட்டுரைக்கே திரும்பி வருகிறோம்.

அந்தப் பெண்மணியின் வேலையைக் கவனித்தார்கள். அவர் கையின் அளவைக் கவனித்தார்களா என்பதுதான் என் கேள்வி. ஏனென்றால் எங்களிடம் வந்து சேர்ந்த பொருளில் அப்படி ஓர் அளவு இல்லை. ஆண், பெண் கைநீளத்துக்கு இடையில் சராசரியாக ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வேறுபாடு உண்டு, அகலத்திலும் உண்டு. கேட்பதற்குச் சிறியதுதான். உள்ளங்கை முழுதும் மவுஸின் முதுகில் படிந்து, விரல் நுனி தானாகவே பொத்தானில் விழ வேண்டும். கை சிறியதாக இருந்தால் உள்ளங்கை படியாது. மணிக்கட்டை மேசை விளிம்பில் ஊன்றி, விரல்களை நகம்போல் வளைத்துப் பிடிப்போம். அல்லது பெருவிரலும் சுண்டுவிரலுமாகக் கிள்ளிப் பிடிப்போம். நடுவிலுள்ள சக்கரத்தைத் தொட விரலை நீட்ட வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது பக்கம் வடிவமைத்தால் எத்தனை முறை நீட்ட வேண்டும்?

அடுத்தது எண்விசைகள். 1980களில் ஐபிஎம் நிலைநாட்டிய 101 விசைப் பலகையில் வலதுகோடியில் கணக்குப் போடும் எண்களுக்கென்று ஒரு தனிக் கட்டம் இருக்கிறது. மவுஸ் அதற்கும் அப்பால்தான் உட்கார முடியும். தோள் அகலமானவருக்கு முழங்கை உடலை ஒட்டி இருக்கும். தோள் குறுகியவர் கையை வெளியே வீசிப் பிடிக்க வேண்டும். எண்விசை இல்லாத பலகை வாங்கிக்கொள்ளலாமே என்று இன்று யாராவது சொல்லலாம். யூனிக்கோடு வருவதற்கு முன் பேஜ்மேக்கரில் வேலை செய்த எங்களுக்கு அது முடியாத காரியம். எழுத்துருவில் எட்டாத சில எழுத்துகளை ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு எண்ணை அடித்துத்தான் வரவழைப்போம். தமிழைத் தமிழாக அடிக்க எண்விசை வேண்டும். எண்விசை இருந்தால் தோள் வலிக்கும்.

1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. எந்த எழுத்து எந்த விரலுக்கு என்று அறிஞர்களும் பொறியாளர்களும் வாதாடி, உயிர் இடக்கைக்கும் மெய் வலக்கைக்குமாக ஒரு பலகையைப் பொதுவாக்கினார்கள். எழுத்துகளின் பயன்பாட்டை எண்ணிப் பார்த்துச் செய்த நல்ல காரியம் அது. விரல்கள் களைக்காமல் இருக்க வேண்டும் என்ற கரிசனம் அந்த விவாதத்தில் இருந்தது. மவுஸைப் பற்றி அப்படி ஒரு பேச்சு தமிழில் நடக்கவே இல்லை. அது வெளியூரிலிருந்து வடிவம் முடிந்து வந்த பொருள். விலை மட்டும்தான் பேசலாம்.

நிலையத்தில் நாங்கள் ஐந்து பெண்கள். இரண்டு ஆண்டில் மூன்று பேருக்குப் பெருவிரல் அடியில் வலி வந்தது. ‘வீட்ல துணி தொவைக்கிறதால வர்றது’ என்றார் முதலாளி. துணி துவைத்தோம்தான். அதனால் அவர் சொன்னதை மறுக்கவும் முடியவில்லை. வீட்டு வேலை வலியை வேலையிட வலியோடு சேர்த்துக் கட்டி, மொத்தத்தையும் எங்கள் தலையிலேயே வைக்கும் வசதி அவருக்கு இருந்தது. பிற்பாடு படித்தபோது இது பழைய கதை என்று தெரிந்தது. தந்தி அடிப்பவர்களின் கைப்பிடிப்பை பிரிட்டன் 1908-இலேயே இழப்பீடு தரும் தொழில்நோய்ப் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆனால் 1980களின் நடுவில் ஆஸ்திரேலியாவில் விசைப்பலகையில் வேலை செய்தவர்கள், அதிகமும் பெண்கள், ஆயிரக்கணக்கில் கைவலி என்று சொன்னபோது, அதை மனநோய் என்று எழுதிய மருத்துவர்கள் இருந்தார்கள். கங்காருவின் பாதம் என்று கேலிப்பெயர்கூட வைத்தார்கள். வலிக்கிறது என்று சொல்கிறவர் யார் என்பதைப் பொறுத்து அது நோயாகவும் இருக்கும், நடிப்பாகவும் இருக்கும்.

கம்பியில்லாத் தொடர்பு என்ற சொல்லை நான் முதலில் கேட்டது மவுஸ் விஷயத்தில் இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த அதே 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்கள் தொடங்கியது. வில்லியனூரில் தலைமை நிலையம். அங்கிருந்து ஊர்களுக்குத் தகவல் ரேடியோ அலைவழியாகப் போனது. எம்பலத்தில் அந்த மையம் கோயிலைச் சேர்ந்த ஓர் அறையில் இருந்தது. கோயிலுக்கு இரண்டு வாசல். ஒன்று கருவறைப் பக்கம். தலித்துகளும் மாதவிடாய்ப் பெண்களும் அதற்குள் போக முடியாது. மற்றொன்று கணினிப் பக்கம். அதில் யாரும் போகலாம். 2000-இல் நியூயார்க் டைம்ஸ் இதழே இதை எழுதியது. கணினிகளை இயக்கிய தன்னார்வலர்களில் பலர் அந்தந்த ஊர்ப் பெண்கள். மவுஸைப் பிடித்த அந்தக் கைகளைப் படமெடுத்தவர்கள் பலர். என்னைப் போன்ற ஒருத்திக்கு அந்தப் படங்களில் வேறொன்றுதான் கண்ணில் படும். ஆணுக்கு அளவெடுத்த மேசை, எட்டாத நாற்காலி, காதுவரை உயர்ந்த வலது தோள்.

இனி என் வீட்டுக்கு வருகிறேன். இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மேசை வைக்க இடமில்லாத முதல் சில ஆண்டுகள் தரையில் சம்மணமிட்டு, முக்காலியில் திரையை வைத்து வேலை. கம்பி மவுஸ் தரையில் ஓடினால் தவழ்கிற பிள்ளை அதைத்தான் முதலில் பிடிக்கும். கம்பியில்லாத மவுஸ் எனக்கு வந்தது இந்தக் காரணத்தால்தான். விளம்பரத்தில் சொல்லும் ‘சுதந்திரம்’ என்பதற்கு என் வீட்டில் பொருள், பிள்ளை இழுத்தால் கணினி கவிழாது என்பது.

கம்பியை அறுக்கும் முயற்சி பழையது. 1984-இலேயே மெட்டஃபர் என்ற நிறுவனத்தின் கணினிக்கு அகச்சிவப்பு ஒளியில் இயங்கும் மவுஸ் வந்துவிட்டது. நடுவில் ஒரு காபிக் கோப்பை இருந்தாலும் ஒளி தடைபடும். 1991-இல் லாஜிடெக் ரேடியோ அலையில் இயங்கும் மவுஸை விற்றது. பிறகு வாங்கி, வாங்கி என்று அலைவாங்கி சிறுத்துக்கொண்டே போய், 2007 வாக்கில் சுண்டுவிரல் நகமளவுக்கு வந்தது. நகமளவுப் பொருள் தொலைந்தால் மவுஸ் வெறும் பிளாஸ்டிக். என் அத்தை அதைக் குங்குமச் சிமிழில் போட்டு வைக்கச் சொன்னார். இன்றும் அங்கேதான் இருக்கிறது.

ஒவ்வொரு வசதிக்கும் ஒரு விலை உண்டு. கம்பி போனால் மின்சாரம் உள்ளேயே இருக்க வேண்டும். பெரிய ஏஏ பேட்டரி ஒன்று ஏறக்குறைய 23 கிராம். மவுஸையே தூக்கித் தூக்கி வைத்து வேலை செய்யும் சிறிய கைக்கு அது அற்பமான எடை இல்லை. அதைவிடப் பாதி எடையுள்ள ஏஏஏ பேட்டரியை வைத்து, மிச்ச இடத்தில் சாக்லேட் தாளின் வெள்ளித் தகட்டை உருட்டித் திணித்தால் ஓடும். சீக்கிரம் தீரும், விரல் நோகாது. ரீசார்ஜ் பேட்டரி போட்டால் அதன் அழுத்தம் 1.2 வோல்ட்தான் என்பதால் பாதி நாளில் சிவப்பு விளக்கு எரிந்து பயமுறுத்தும். மின்சாரத்தை மிச்சப்படுத்த மவுஸ் தூங்கப் போகும். அடுப்பில் பாலைப் பார்த்துவிட்டு வந்து தொட்டால் எழ ஒரு கணம் ஆகும். முதல் அசைவு வீணாகும். என் வேலையில் அடிக்கடி எழுந்து போகாத நேரம் எது? உட்கார்ந்த இடத்தை விட்டு எழாத ஒருவரை மனத்தில் வைத்துத்தான் அந்தத் தூக்கக் கணக்கைப் போட்டிருக்கிறார்கள்.

யூஎஸ்பி 3 வழியாக ஹார்டு டிஸ்கில் புத்தகத்தைப் படியெடுக்கும்போது மவுஸ் திக்கும். இரண்டும் ஒரே அலைவரிசைப் பக்கத்தில் சத்தம் போடுவதால். இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை விளக்கி எழுதியிருக்கிறது. இதற்குத் தீர்வு, வாங்கியை ஒரு நீட்டிப்புக் கம்பியில் மாட்டிக் கைக்குப் பக்கத்தில் கொண்டுவருவது. கம்பியில்லா மவுஸுக்கு ஒரு கம்பி! பளபளப்பான எங்கள் சிவப்புச் சிமெண்டுத் தரையில் ஒளிக்கண் தடுமாறும்; தினத்தாள் காலண்டரின் பழைய அட்டைதான் விரிப்பு. ஆனால் பந்து வைத்த பழைய மவுஸை நினைத்தால் இது சொர்க்கம். செம்மண் புழுதி பந்தில் ஏறி, உள்ளே உருளைகளில் கறுப்பு வளையமாகச் சுற்றிக்கொள்ளும். சனிக்கிழமை மாலை ஆண்கள் டீக்கடைக்குப் போவார்கள். நாங்கள் நகத்தால் சுரண்டிச் சுத்தம் செய்வோம்.

மதிக்கத்தக்க ஒரு மாற்றம் உண்டு. சத்தமில்லாத பொத்தான். விளையாட்டுக்காரர்கள் அதைக் குறை சொல்வார்கள், அழுத்தியது விரலுக்குத் தெரியவில்லை என்பார்கள். இரவு பதினொரு மணிக்கு மேல், ஒற்றை அறை வீட்டில், தூங்கும் பிள்ளைகளுக்கும் விடியலில் வேலைக்குப் போகும் மனிதருக்கும் பக்கத்தில் வேலை செய்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். ‘டிக் டிக்’ என்ற அந்தச் சத்தத்துக்காகத் திட்டு வாங்கியிருக்கிறேன். அதே நேரம், சத்தமே இல்லாமல் நான் செய்யும் இரவு வேலை வீட்டாரின் கணக்கில் வேலையாகவே ஏறுவதில்லை. அழுத்தும் ஓசைக்கும் கூலிக்கும் இப்படி ஒரு தொடர்பு இருக்கும் என்று எந்தப் பொறியாளரும் நினைத்திருக்க முடியாது. அதற்காக அவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன்.

எங்கள் ஊர் மகாகாளேஸ்வரர் கோயிலுக்கு ஒரு கதை உண்டு. கடுவெளிச் சித்தரின் தவத்தைக் கலைக்க ஒரு கோயில் நாட்டியப் பெண்ணை அனுப்பினார்கள். பிறகு திருவிழாவில் அவள் ஆடும்போது கால் சிலம்பு கழன்று விழுந்தது. சித்தர் எடுத்து அவள் காலில் பூட்டினார். கூட்டம் சிரித்தது. கோபத்தில் அவர் பாட லிங்கம் வெடித்தது, ஊர் வறண்டது. செம்புத் தகட்டால் கட்டிய அந்த லிங்கத்தைப் பார்க்கத்தான் வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். சித்தரின் சினத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். சிலம்பு ஏன் கழன்றது என்று யாரும் கேட்டதில்லை. அவள் காலுக்கு அளவாக இல்லை, அவ்வளவுதான். எவளோ ஒருத்தி காலுக்குச் செய்ததைக் கோயில் கருவூலத்திலிருந்து எடுத்து மாட்டிவிட்டிருப்பார்கள் என்பது என் ஊகம்.

சிறிய கையை இந்தத் தொழில் அறியவே இல்லை என்று சொன்னால் அது பொய். நன்றாகவே அறிந்திருக்கிறது. 1970களில் மலேசிய அரசு வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு அச்சிட்ட விளம்பர நூலில், கீழைநாட்டுப் பெண்ணின் கை சிறியது, அவள் வேகமாகவும் மிகக் கவனமாகவும் வேலை செய்வாள் என்று பெருமையாகச் சொன்னது. 1981-இல் டயான் எல்சனும் ரூத் பியர்சனும் இதைப் பிரித்துப் பார்த்து ஒரு கட்டுரை எழுதினார்கள். பெண்ணின் விரல் பிறவியிலேயே நுட்பமானது இல்லை. சிறு வயதிலிருந்து வீட்டில் தைத்தும் பின்னியும் பழகிய பயிற்சி அது. வீட்டில் நடந்ததால் அதற்குப் பயிற்சி என்ற பெயரும் இல்லை, கூலியும் இல்லை என்றார்கள். பூ கட்டுகிற, முறுக்கு சுற்றுகிற, கோலம் போடுகிற எங்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

2004-இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் ஒரு மவுஸின் விலையைப் பிரித்துக் காட்டியது. லாஜிடெக்கின் கம்பியில்லா மவுஸ், பெயர் வாண்டா. பெண்ணின் பெயர். அமெரிக்காவில் விலை ஏறக்குறைய 40 டாலர். விற்பவர்களுக்கு 15, உதிரி உறுப்புகள் தருகிறவர்களுக்கு 14, லாஜிடெக்குக்கு 8. மிச்சம் 3 டாலர் சீனாவின் சூஜோ நகர ஆலைக்கு. கூலி, மின்சாரம், போக்குவரத்து எல்லாம் அதற்குள். அந்த ஆலையில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை வந்தபோது நம் பக்கத்துப் பெண்கள் அதே வரிசையில் உட்கார்ந்தார்கள். 2014 நவம்பர் 1 அன்று அந்த ஆலை உற்பத்தியை நிறுத்தியது.

சின்னக் கை வேண்டும் என்று ஆளெடுக்கிறபோது அளக்கிறார்கள். அதே கை கடையில் பொருளை எடுக்கிறபோது அளவு பெரியவர் கைக்கு. உற்பத்திக்கும் பயன்பாட்டுக்கும் நடுவில் எங்கோ அந்த அளவு தொலைகிறது. எங்கே என்று தேடிப் போனால் எங்கல்பார்ட்டின் மரக்கட்டைவரை போக வேண்டியதில்லை. அச்சு ஒன்று செய்ய ஆகும் செலவில் இருக்கிறது பதில். பிளாஸ்டிக் வார்க்கும் இரும்பு அச்சு விலை அதிகம். ஒரே அச்சில் எத்தனை லட்சம் வார்க்கிறார்களோ அந்த அளவுக்கு விலை குறையும். மூன்று அளவு செய்தால் மூன்று அச்சு. செருப்புக்கும் வளையலுக்கும் அளவு வைத்த உலகம் இதற்கு ஒரே அளவு போதும் என்று முடிவெடுத்தது. மலிவான மவுஸில் இது இன்னும் கறார். விலை கூடியவற்றில் சிறிய, பெரிய அளவுகள் இப்போது கிடைக்கின்றன. என் ஒரு வாரச் சம்பாத்தியம் கேட்கிறது அதன் விலை.

என்னிடம் இப்போது வேலை பழகுகிற பெண் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஓர் எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் நான்கு ஆண்டு இருந்தவள். நெல்மணி அளவு உறுப்பையும் இடுக்கியில்லாமல் எடுத்து வைப்பாள். பள்ளிக்கூடத்தில் அரசு மடிக்கணினி வாங்கியவள். அதைப் பாதி நாள் அண்ணன்தான் வைத்திருந்தான். தொடுதளத்திலேயே பழகிய கை அது. மவுஸைப் பிடித்து ஒரு மாதத்தில் சொன்னாள்: “அக்கா, இத புடிக்கறதுக்குள்ள கை சுளுக்கிக்குது. சின்னதா ஒண்ணு இருக்குமா?”

இருவரும் பாண்டிக்குப் போய்க் கடையில் கேட்டோம். கடைக்காரத் தம்பி உடனே சிரித்தபடி, “லேடீஸுக்கா? இருக்கே மேடம்” என்று உள்ளே போய் ஒரு பெட்டி எடுத்து வந்தார். ரோஸ் நிறம். மேலே பட்டாம்பூச்சி. அவள் தன் கைப்பையிலிருந்து எங்கள் கறுப்பு மவுஸை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் அதற்குப் பக்கத்தில் வைத்தாள். முனைக்கு முனை சரியாக இருந்தது. திருப்பிப் பார்த்தாள். அடியில் திருகாணிக் குழிகள் அதே இடத்தில், பேட்டரி மூடியின் கீறல்கூட அதே இடத்தில்.

“ஒரே டையிக்கா” என்றாள், ஆலையில் பழகிய கண்ணோடு. பிறகு கடைக்காரரிடம், “அண்ணா, இது எவ்ளோ?”

கறுப்பைவிட ஐம்பது ரூபாய் கூடுதல்.